வரப்புத் தகராறு

சாப்பிட்டுக்கொண்டே புத்தகம் படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கட்டுரையை மட்டும் கை கழுவிய பிறகு படிப்பது உத்தமம். விஷயம் வயிற்றைப் பற்றியது. வயிறு முழுவதையும் பற்றிக்கூட அல்ல. விழுங்கிய கவளம் நெஞ்சுக் கூட்டைக் கடந்து இரைப்பைக்குள் விழுகிறதே, அந்த ஓர் இடத்தைப் பற்றியது. அங்கே சில அங்குல நிலம் யாருக்குச் சொந்தம் என்று இங்கிலாந்தில் இரண்டு பெரிய சர்ஜன்கள் வாதாடினார்கள். 1950-ல் தொடங்கிய வழக்கு 1957-ல்தான் தீர்ந்தது. தீர்ந்த விதம்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

கல்யாண விருந்தை ஒரு கை பார்த்துவிட்டு உடனே பாயில் சாய்ந்தவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். நடு ராத்திரியில் புளித்த நீர் தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். எதுக்களிக்கிறது என்போம்; நெஞ்சைக் கரிக்கிறது என்போம். ஆங்கிலேயரும் இதயம் எரிவதாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். பாவம், இதயத்துக்கும் இதற்கும் எள்ளளவும் சம்பந்தம் கிடையாது. பழைய கிரேக்கர்கள் இதயத்தையும் இரைப்பையின் மேல்வாயையும் ‘கார்டியா’ என்ற ஒரே சொல்லால் அழைத்தார்கள். இன்றைக்கும் டாக்டர்கள் இரைப்பையின் மேல்வாய்க்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆகவே இந்த இடத்தில் பெயர்க் குழப்பம் என்பது புதிதல்ல. இரண்டாயிரம் வருஷத்துச் சொத்து.

உணவுக் குழாய் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளம். முன்பற்களிலிருந்து அளந்தால் சுமார் 40 சென்டிமீட்டரில் அது இரைப்பையைச் சேருகிறது. குழாயின் உட்புறத்தில் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் தட்டையான உயிரணுக்கள், அடுக்கி வைத்த அப்பளம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். இட்டிலியோ முறுக்கோ உரசிக்கொண்டு போனாலும் மேல் அப்பளம் உதிரும், அடியிலிருந்து புதிது எழும்பும். அதன் நிறம் வெளுத்த ரோஜா. இரைப்பைக்குள் இருக்கும் சவ்வோ வேறு. முளைப்பாரி போல நெடிய உயிரணுக்கள் ஒற்றை வரிசையில் நெருக்கமாக நிற்கின்றன. நிறம் நல்ல செம்மை. அவை ஓயாமல் ஒரு கோழையைச் சுரந்து தங்கள் மேல் பூசிக்கொள்கின்றன. பூசிக்கொள்ளாவிட்டால், தான் சுரக்கும் அமிலத்தில் இரைப்பை தானே வெந்துவிடும்.

இந்த வெள்ளையும் அந்தச் சிவப்பும் சந்திக்கும் கோடு நேர்கோடாக இராது. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி ஓடும். ஆங்கில எழுத்தைக் கொண்டு இஸட் கோடு என்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு தசை வளையம் காவல் நிற்கிறது. விழுங்கும்போது திறக்கும், மற்ற நேரத்தில் மூடிக்கொள்ளும். காவற்காரன் கண்ணயர்ந்தால் அமிலம் மேலே ஏறும். மேலே இருப்பது அப்பள அடுக்கு. அதற்குக் கோழைக் கவசம் கிடையாது. வெந்து புண்ணாகிறது. 1879-ல் ஜெர்மானிய வைத்தியர் க்விங்கே இப்படி இரைப்பை நீரால் உணவுக் குழாயில் உண்டான புண்களை விவரித்து எழுதினார். 1906-ல் பாஸ்டன் நகரத்து டைல்ஸ்டன் இத்தகைய 44 நோயாளிகளின் விவரத்தைத் திரட்டினார். அவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். புண் இருந்ததோ உணவுக் குழாயில். அதைச் சுற்றியிருந்த சவ்வோ இரைப்பையின் சவ்வை அப்படியே உரித்து வைத்தது போல் இருந்தது. அவர் அதைக் குறித்து வைத்தார். அதற்குப் பிறகு நாற்பது வருஷ காலம் அந்தக் குறிப்பை எடுத்துப் பெரிதாகக் கேள்வி கேட்டவர் இல்லை.

இங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார். நார்மன் பாரெட் 1903-ல் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் பிறந்தவர். பத்து வயதில் இங்கிலாந்துக்கு வந்து ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். பிறகு லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் சர்ஜன். ஆளின் வெளிறிய முகத்தை வைத்துப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் ‘பேஸ்டி’ என்று பட்டப் பெயர் கட்டினார்கள். அது கடைசிவரை ஒட்டிக்கொண்டது. முதலில் வயிற்று வைத்தியத்தில் கருத்துச் செலுத்தியவர், 1935-ல் அமெரிக்காவுக்குப் போய் வந்த பிறகு நெஞ்சுக் கூட்டின் பக்கம் திரும்பினார். வயிற்றில் ஒரு கால், மார்பில் ஒரு கால். இரண்டுக்கும் நடுவே இருக்கும் குழாயை அவர் விட்டுவிடுவாரா?

அவர் பெயரை முதலில் நிலைநாட்டியது வேறொரு காரியம். அதற்கு நாம் ஹாலந்துக்குப் போக வேண்டும். 1723-ல் டச்சுக் கடற்படைத் தலைவர் வஸ்ஸெனார் பிரபு விருந்துப் பிரியர். வயிறு கனத்துப் போனால் வாந்தி மருந்து சாப்பிட்டு இறக்கிக்கொள்வது அவர் வழக்கம். ஒரு நாள் அப்படி வாந்தி எடுக்கும்போது மார்புக்குள் ஏதோ கிழிந்தது போல் அலறினார். ஒரு நாள் பொழுதுகூடத் தாங்கவில்லை, இறந்து போனார். ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற போர்ஹாவே என்ற லைடன் நகரத்து வைத்தியர் உடலை அறுத்துப் பார்த்தார். மார்புக் கூட்டைத் திறந்ததும் பிரபு சாப்பிட்டிருந்த வாத்து இறைச்சியின் வாசனை வந்ததாம். உணவுக் குழாய் அறுந்து, சாப்பிட்டதெல்லாம் நுரையீரலைச் சுற்றித் தேங்கிக் கிடந்தது. 1724-ல் அவர் இதை எழுதி வெளியிட்டார். அப்புறம் 220 வருஷத்துக்கு மேல் இப்படிக் குழாய் கிழிந்தவர்களுக்கு வைத்தியர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை; இறந்த பிறகுதான் நோய் இன்னதென்று தெரியும். 1946-ல் பாரெட் இந்தப் பழைய சரித்திரங்களையெல்லாம் திரட்டி ஒரு கட்டுரை எழுதினார். 1947-ல் அதே நிலையில் தம்மிடம் வந்த நோயாளி ஒருவரின் மார்பைத் திறந்து குழாயைத் தைத்துப் பிழைக்க வைத்தார். முதன்முதலில் இதில் வெற்றி கண்டவர் என்று வைத்திய சரித்திரம் அவரைத்தான் சொல்கிறது.

ஆக, 1950-ல் பாரெட் உணவுக் குழாயைப் பற்றி வாய் திறந்தால் உலகம் கேட்கும். அவர் திறந்தார்.

பிரிட்டிஷ் சர்ஜரி சஞ்சிகையில் அந்த வருஷம் வந்த கட்டுரையில் அவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். உணவுக் குழாய் என்றால் என்ன? அப்பள அடுக்குச் சவ்வு எதுவரை இருக்கிறதோ அதுவரை உணவுக் குழாய். சிவப்புச் சவ்வு எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கிருந்து இரைப்பை. சில பேருக்கு மார்புக்குள்ளே சிவப்புச் சவ்வு போர்த்திய குழல் ஒன்று இருக்கிறதே? அது உணவுக் குழாயே அல்ல; பிறவியிலேயே உணவுக் குழாய் குட்டையாக அமைந்துவிட்டதால் மேலே இழுத்துக்கொள்ளப்பட்ட இரைப்பை. எவ்வளவு தெளிவான வாதம் பாருங்கள்! கிராமத்துப் பாஷையில் சொன்னால், எந்தப் பயிர் நிற்கிறதோ அதை வைத்தே நிலம் யாருடையது என்று தீர்மானித்தார். நெல் நின்றால் மேலத் தெருக்காரருடையது; கேழ்வரகு நின்றால் கீழத் தெருக்காரருடையது. வரப்பைத் தேடிக் குனிய வேண்டியதே இல்லை.

இதென்ன, பெயரில் என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். கத்தி பிடிக்கிறவனுக்குப் பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. பிறவிக் கோளாறு என்றால் அதற்கு ஒரு வைத்தியம். நேற்றுவரை நன்றாக இருந்த இடம் இன்றைக்குக் கெட்டிருக்கிறது என்றால் கெடுத்தது எது என்று தேடிப் போக வேண்டும். அதற்கு வேறு வைத்தியம். இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தச் சிவப்புப் பகுதியில் புற்றுநோய் வந்தால், பாரெட்டின் கணக்குப்படி அது இரைப்பைப் புற்று என்று பதிவாகிவிடும். உணவுக் குழாயில் அந்த ரகப் புற்று இருப்பதே கணக்கில் ஏறாது.

லீட்ஸ் நகரத்தில் பிலிப் அலிசன் என்று ஒரு சர்ஜன் இருந்தார். எதுக்களிப்பால்தான் உணவுக் குழாய் புண்ணாகிறது என்று 1940-களிலிருந்தே சொல்லி வந்தவர். அவரும், எக்ஸ்ரே நிபுணரான ஜான்ஸ்டன் என்பவரும் 1953-ல் பாரெட்டுக்குப் பதில் எழுதினார்கள். அவர்கள் பயிரைப் பார்த்துவிட்டு நிற்கவில்லை, மண்ணைத் தோண்டினார்கள். நோயாளிகளிடமிருந்து அறுத்தெடுத்த அந்தக் குழலை வெட்டிப் பார்த்தபோது, வயிற்று உறுப்புகளைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் வழவழப்பான உறை அதன்மேல் இல்லை. இரைப்பையாக இருந்தால் இருந்தாக வேண்டும். தசைகளின் அமைப்பு உணவுக் குழாயினுடையது. சவ்வுக்கு அடியில் உணவுக் குழாய்க்கே உரிய சுரப்பிகள் கிடந்தன. சிவப்புச் சவ்வுக்கு நடுவே அங்கங்கே தீவு தீவாக வெள்ளைச் சவ்வு மிச்சமிருந்தது, கேழ்வரகுக் கொல்லையில் தப்பி முளைத்த நெற்பயிர் மாதிரி. இனி என்ன சந்தேகம்? நிலம் உணவுக் குழாயுடையது. பயிர்தான் மாறியிருக்கிறது.

கதை எழுதுகிறவனுக்கு இதற்கு அடுத்த காட்சிதான் முக்கியம். அலிசனின் மறுப்பு எந்தச் சஞ்சிகையில் வெளிவந்தது தெரியுமா? ‘தோராக்ஸ்’ என்ற மார்பு வைத்தியச் சஞ்சிகையில். அது 1946-ல் தொடங்கிய நாள் முதல் 1971 வரை அதன் ஆசிரியர் யார் தெரியுமா? நார்மன் பாரெட்.

எனக்குத் தெரிந்த ஒரு பத்திரிகை ஆசிரியர், தம்முடைய நாவலைக் குறைகூறி வந்த விமரிசனத்தை ‘இடமின்மையால் வருந்துகிறோம்’ என்று திருப்பி அனுப்பினார். அந்த இதழில் அரைப் பக்கம் காலியாக இருந்ததைப் பூச்சாடிப் படம் போட்டு நிரப்பியிருந்தார்கள். அந்த உலகத்தில் வாழ்கிறவன் என்பதால்தானோ என்னவோ, லண்டனில் ஒரு மனிதர் தம் மேஜைமேல் வந்து விழுந்த அந்தக் கையெழுத்துப் பிரதியை எப்படிப் புரட்டியிருப்பார் என்று அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். தம் பெயரைச் சொல்லி, தம் வாதத்தை எடுத்து, அதன் அஸ்திவாரத்தைப் பெயர்க்கிற பதினைந்து பக்கம். அச்சுக்குப் போயிற்று.

அலிசனும் மரியாதை தெரிந்தவர். அந்தச் சிவப்புச் சவ்வில் உண்டாகும் புண்ணுக்கு ‘பாரெட் புண்’ என்று பெயர் வைக்கலாம் என்று அவரே எழுதினார். 1957-ல் பாரெட் மறுபடி பேனாவை எடுத்தார். இந்தத் தடவை ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில். அது இரைப்பை அல்ல, உணவுக் குழாய்தான் என்று ஒப்புக்கொண்டார். நெடிய உயிரணுக்கள் போர்த்திய கீழ் உணவுக் குழாய் என்று ஒரு நீண்ட பெயரையும் சூட்டினார். அந்தப் பெயரை யார் உச்சரிப்பார்கள்? ‘பாரெட் உணவுக் குழாய்’ என்பதே உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது. ஒருவர் ‘அது உணவுக் குழாயே அல்ல’ என்று அடித்துச் சொன்னார். அந்த உணவுக் குழாய்க்கே அவர் பெயர். கதையில் இப்படி எழுதினால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள்.

ஒரு கிளை வழக்கு மட்டும் பாக்கி இருந்தது. நிலம் உணவுக் குழாயினுடையது, சரி. பயிர் ஏன் மாறிற்று? பிறவியிலேயே அப்படி என்பதை பாரெட் விடவில்லை. 1961-ல் மெல்போர்ன் நகரத்து ஹேவர்ட், பிறவி அல்ல, எதுக்களிப்பினால் பின்னால் வந்தது என்று எழுதினார். இதுவும் வெளிவந்தது பாரெட்டின் ‘தோராக்ஸி’லேயேதான்! 1970-ல் பிரெம்னரும் கூட்டாளிகளும் நாய்களை வைத்துச் சோதித்தார்கள். உணவுக் குழாயின் அடியிலுள்ள சவ்வை உரித்து எடுத்துவிட்டார்கள். அமிலம் மேலே வராத நாய்களுக்குப் பழைய வெள்ளைச் சவ்வே வளர்ந்தது. காவல் வளையத்தைக் கெடுத்து அமிலத்தை ஏறவிட்ட நாய்களுக்குச் சிவப்புச் சவ்வு வளர்ந்தது. உப்பு நீர் ஏறிய வயலில் நெல் கருகிப் போனால், உப்பைத் தாங்குகிற புல் முளைக்கிறதல்லவா, அது மாதிரி. அமிலத்தில் வெந்து வெந்து அலுத்துப்போன குழாய், அமிலத்தைத் தாங்கும் சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொள்கிறது.

மாட்டிக்கொண்ட சட்டையில்தான் அபாயம். அந்தப் புதிய உயிரணுக்கள் சிலருக்கு நிலைதவறிப் புற்றாக மாறுகின்றன. இந்தச் சவ்வு உள்ள ஆயிரம் பேரை ஒரு வருஷம் கவனித்தால் ஒருவர் முதல் மூவர் வரை என்பது இன்றைய கணக்கு. ஆகவே நெஞ்சு கரிக்கிற எல்லோரும் உயில் எழுத உட்கார வேண்டியதில்லை. ஆனால் மேல்நாடுகளில் 1970-களுக்குப் பிறகு இந்த ரகப் புற்று பல மடங்கு பெருகிவிட்டது. நம் நாட்டில் உணவுக் குழாய்ப் புற்றில் பெரும்பகுதி இன்னும் அப்பள அடுக்கிலிருந்தே எழுவது; அதற்குப் புகையிலையும் பாக்கும் மதுவும் பதில் சொல்ல வேண்டும்.

சரி, உயிரோடிருக்கிற மனிதனின் நெஞ்சுக்குள் இருக்கும் அந்தக் கோட்டைப் பார்ப்பது எப்படி? 1868-ல் ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்து வைத்தியர் குஸ்மாவுல் அதற்கு ஆள் பிடித்தார். கத்தி விழுங்கி வித்தை காட்டுகிற ஒருவனை! 47 சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான குழாயை அவன் விழுங்கினான். நம் எல்லைக் கோடு 40-ல் இருக்கிறது, நினைவிருக்கட்டும். குழாய் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் உள்ளே பார்க்கப் போதிய வெளிச்சம் இல்லை. எல்லா நோயாளிகளும் வித்தைக்காரர்களாக இருந்தால் வைத்தியருக்கு எவ்வளவு சௌகரியம்!

விடை ஒரு பஞ்சாபியின் கையில் இருந்தது. மோகா என்ற ஊரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர் ஹாப்கின்ஸிடம் ஆராய்ச்சி செய்தார். மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டினால், கற்றை எப்படி வளைந்தாலும் ஒரு முனையில் உள்ள உருவம் மறுமுனையில் தெரியும் என்று இருவரும் 1954-ல் வெளியிட்டார்கள். அதைப் படித்துவிட்டு லண்டனுக்கே வந்து நேரில் பார்த்தார் ஹிர்ஷோவிட்ஸ் என்ற வைத்தியர். 1957-ல், பாரெட் தம் வழக்கை முடித்துக்கொண்ட அதே வருஷத்தில், மிச்சிகனில் தாம் செய்த வளையும் குழாயை முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். சில நாள் கழித்து ஒரு நோயாளிக்குச் செலுத்தினார். அதன் வாரிசுகளைத்தான் இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ‘எண்டோஸ்கோப்பி’ என்று தொண்டை வழியே இறக்குகிறார்கள். மாறிப்போன சவ்வில் புற்றுக்கு முந்திய அடையாளம் தெரிந்தால் அதே குழாய் வழியாக வெப்பம் செலுத்திப் பொசுக்கி, அமிலத்தை மாத்திரையால் அடக்கி வைக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் பழைய வெள்ளைச் சவ்வே மறுபடி வளர்கிறது. உப்பு வடிந்தால் நெல்.

கண்ணால் பார்க்க முடிந்த பிறகு வரப்புத் தகராறு ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. சவ்வு இடம் மாறிக்கொள்கிறது என்று தெரிந்த பிறகு, இரைப்பை எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கு எதை அடையாளக் கல்லாகக் கொள்வது? மேல்நாட்டார் இரைப்பையின் மடிப்புகள் தொடங்கும் இடம் என்கிறார்கள். 2006-ல் வெளியான பிராக் அளவுமுறையும் அங்கிருந்துதான் நாடாவைப் பிடிக்கிறது. ஜப்பானியர்கள் உணவுக் குழாயின் அடியில் வேலி போல நெருங்கி ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் எங்கே முடிகின்றனவோ அங்கேதான் கல் என்கிறார்கள். இலங்கையில் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸில் பணியாற்றிய சந்திரசோமா என்ற நோய்க்கூறு நிபுணர் இன்னும் ஒரு படி மேலே போனார். இரைப்பையின் வாயில் ‘கார்டியா’ச் சவ்வு என்று பாடப் புத்தகங்கள் வரைந்து காட்டும் சிறு துண்டே இயற்கையானதல்ல, எதுக்களிப்பு செய்த வேலை என்று 1990-களின் பிற்பகுதியிலிருந்து வாதாடினார். கிரேக்கர்கள் பெயர் வைத்த நிலத்துக்குப் பட்டாவே இல்லை என்கிறார்! எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை.

பயிர் விஷயத்திலும் சண்டை இருக்கிறது. சிவப்புச் சவ்வு ஒரு சென்டிமீட்டருக்கு ஏறியிருந்தால், அது இரைப்பை ரகமோ குடல் ரகமோ, ‘பாரெட்’ என்று எழுதிவிடலாம் என்பது பிரிட்டிஷ் வைத்தியர் சங்கத்தின் விதி. குடலில் இருக்கும் கிண்ண உருவ உயிரணுக்களை அங்கே கண்டால்தான் அந்தப் பெயரைச் சொல்லலாம் என்பது அமெரிக்கர் விதி. ஆகவே லண்டனில் பாரெட் நோயாளி என்று சீட்டு வாங்கிக்கொண்டு விமானம் ஏறுகிறவர், நியூயார்க்கில் இறங்கும்போது அந்த நோய் இல்லாதவராக இறங்கக்கூடும்.